சித்தியின் பானைக் கேள்வி

எங்கள் சித்தி புதுக்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். கறம்பக்குடிப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு லீவில் வரும்போதெல்லாம் பொரியுருண்டை வாங்கிவருவாள். அந்தத் தடவை ஒரு கேள்வியோடு வந்தாள்.

எது சரி, எது தப்பு என்கிற புத்தி பிள்ளைகளுக்கு எந்த வயதில், எப்படி வருகிறது என்று வெளிநாட்டில் பெரிய படிப்புக்காரர்கள் ஆராய்ந்து வைத்திருக்கிறார்களாம். நீயும் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிவா என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேறு பிள்ளைகளுக்கு அவள் எங்கே போவாள்? நாங்கள் அகப்பட்டோம்.

ஒரு பையன் அம்மாவுக்கு ஒத்தாசையாக வண்டியிலிருந்து பானைகளை இறக்குகிறான். கை தவறி அடுக்கு சரிந்து பத்துப் பானையும் போய்விடுகிறது. இன்னொருவன் தங்கச்சி மேலுள்ள கோபத்தில் ஒரே ஒரு சின்னச் சட்டியை வேண்டுமென்றே போட்டு உடைக்கிறான். இரண்டு பேரில் யார் செய்தது பெரிய தப்பு?

இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "பத்து ஒடைச்சவன்தான்!" என்றேன். அண்ணன், "சட்டியை ஒடைச்சவன். அவன் வேணுமின்னே செஞ்சான்ல" என்றான்.

"இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் இல்ல கண்ணு. ஒனக்கு என்ன தோணுதோ அதுதான் வேணும்" என்றாள் சித்தி. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்த பிள்ளை இதை நம்புமா? அவள் அண்ணனைப் பார்த்து மெல்லத் தலையாட்டியதை நான் பார்த்தேனே! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கொல்லைப்பக்கம் போய் அண்ணனை நச்சரித்தேன். அவன் என் தலையில் ஒரு குட்டு வைத்து, "மண்டு, எத்தனை ஒடைஞ்சுச்சுன்னு பாக்கக் கூடாது. தெரிஞ்சு செஞ்சானா, தெரியாம செஞ்சானான்னு பாக்கணும்" என்றான். அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, யாராவது மறுபடி கேட்க மாட்டார்களா என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

அதற்குள் சித்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்துவிட்டது. பொன்னமராவதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். தை பிறந்ததும் கல்யாணம், பெண் படித்த வரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சித்திக்கோ இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. "ஒரே ஒரு வருசம் பொறுங்க அத்தான்" என்று அப்பாவிடம் அவள் கெஞ்சினாள். அப்பா கெட்டவர் இல்லை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணைக் கரை சேர்க்க வேண்டுமே என்ற பயம் அவருக்கு. "நல்ல எடம்மா. தேடி வர்றவங்களை வேணாம்னு சொல்லலாமா?" என்று பேச்சை முடித்துவிட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. அப்பாவை எதிர்த்து அம்மா பேசி நான் கண்டதே இல்லை.

வந்தார்கள். சித்தி பட்டுச்சேலை சரசரக்கக் காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நானும் வந்தேன். என்னையும் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்கிற மிதப்பு எனக்கு. மாப்பிள்ளையின் தாயார் முன்னால் போனதும் சித்தி நின்றாள். தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது. எட்டுக் கண்ணாடி டம்ளரும் சறுக்கிக்கொண்டு போய்ச் சிமிண்டுத் தரையில் சிலீர்!

அந்த அம்மாளின் முகம் கறுத்துவிட்டது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கண்ணாடி ஒடையுது. இது சரிப்படாதுங்க" என்று எழுந்துவிட்டார். அப்பா வாசல் வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொல்லிப் பார்த்தார். கார் கிளம்பிப் போய்விட்டது.

திரும்பி வந்த அப்பாவுக்குக் கண் சிவந்திருந்தது. "வேணுமின்னுதானே போட்ட? நெசத்தைச் சொல்லு" என்றார். சித்தி குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும், அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்க் கையைக் காலைப் பிடித்தாவது அந்தச் சம்பந்தத்தை அப்பா முடித்திருப்பார். படிப்பும் அன்றோடு போயிருக்கும்.

எனக்கோ, ஒருவழியாக ஒருவர் கேட்டுவிட்டாரே என்று ஒரே சந்தோஷம்! குதித்து முன்னால் வந்தேன். "அப்பா, நான் பக்கத்துலயேதான் நின்னேன். சித்தி தெரியாமத்தான் போட்டுருச்சு. தெரியாம ஒடைஞ்சா தப்பே இல்லப்பா. எத்தனை ஒடைஞ்சுச்சுன்னு பாக்கக் கூடாது!"

பொய் சொல்லாத பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பெயர். கோள்சொல்லி என்பதைத்தான் அப்படிக் கௌரவமாகச் சொல்வார்கள். "சரி, பிள்ளையே சொல்லுது" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

சித்தி என்னை வாரிக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. "அழுவாத சித்தி, ஒன் மேல தப்பு இல்ல" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.

அடுத்த வாரம் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், தானே பார்த்து ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவள் குலுங்கியது சிரிப்பில்தான் என்பது எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. பெரியவர்கள் வேண்டுமென்று எதையாவது உடைப்பார்கள் என்று ஏழு வயதில் யாருக்குத் தோன்றும்?

அதுகூடப் போகட்டும். அம்மாவுக்குச் சீராக வந்த பித்தளை டம்ளர்கள் புளி போட்டு விளக்கி அடுக்களையில் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன. அவற்றை விட்டுவிட்டு, தீபாவளிக்குக்கூட எடுக்காத கண்ணாடி டம்ளர்களை, காலையிலேயே ஏணி போட்டு ஏறிப் பரணிலிருந்து இறக்கி, துடைத்து, காபி ஊற்றிச் சித்தி கையில் கொடுத்தது அம்மா. உடைத்தவள் மேல் தப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னதோடு என் வேலை முடிந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தவளை விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.