நான் வரைந்த மணி பிளாண்ட்

சங்கராபுரத்தில் என் மாமியார் வீட்டு ஹாலில், ஃபிரிட்ஜுக்கு மேலே, நான் முதன்முதலாக வரைந்த மணி பிளாண்ட் தொங்குகிறது. வரைந்த நானே சொல்கிறேன், மகா மட்டம். தொட்டி தரையில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கிறது. வெளிச்சம் வருகிற பக்கமே நிழலும் விழுகிறது. வருகிற சொந்தமெல்லாம், "மாஷா அல்லாஹ், அச்சு அசல்!" என்கிறார்கள். அச்சாம், அசலாம். செடியைக் கண்ணால் பார்த்திருந்தால்தானே!

அந்தப் படம் முதலில் கள்ளக்குறிச்சியில், எங்கள் வீட்டில் இருந்தது. மனுஷர், மிருகம் என்று உருவப்படம் மாட்டினால் மலக்குகள், அதாவது வானவர்கள், வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்பார் அத்தா. செடிக்குத் தடையில்லை. அதனால்தான் செடி, கலை ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் ஒரே ஒரு இலை தேறியது. அடியில் பழுத்து, ஓரம் சுருண்டு, விழப்போகிற மஞ்சள் இலை. அதை மட்டும்தான் பார்த்து வரைந்திருந்தேன்.

டிகிரி முடித்ததும், சென்னைக்குப் போய் ஓவியம் படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"சங்கராபுரத்து எடம் ஒண்ணு வருது. அது தட்டிப்போச்சுன்னா நீ போ, நான் தடுக்கல" என்றார் அத்தா. சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்டவர்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னைவிடப் படத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நல்ல காரியம் பேச வந்த எடத்துல பழுத்த இலை? எழுந்து பூடலாமான்னு இருக்கு."

மார்க்கத்தில் சகுனமே கிடையாது என்று ஊருக்கெல்லாம் மேடை போட்டுப் பயான் செய்கிற குடும்பம்!

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், சம்பந்தம் முறிந்திருக்கும். எனக்கு அது தெரியும். நன்றாகவே தெரியும்.

"ரெண்டே நிமிஷம் மாமி" என்று எழுந்தேன். உள்ளே போய்ப் பச்சைப் பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துவந்தேன். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் இலையைப் பச்சையாக்கிவிட்டேன்.

"எவ்ளோ அடக்கமான பொண்ணுங்க!" என்றார் மாமி. அன்றைக்கே தேதி குறித்தார்கள்.

படிக்கவிடாமல் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று பத்து வருஷமாக அத்தாவைத் திட்டிக்கொண்டு திரிகிறேன். வெட்கங்கெட்ட பேச்சு. பிரஷ்ஷை எடு என்று அன்றைக்கு என்னிடம் யாருமே சொல்லவில்லை.