விளக்கெண்ணெய் குடித்த மோட்டார் சைக்கிள்

எஞ்சினைப் பற்றி உத்தமபாளையத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும். என் பெயர் அப்துல் காதர். அரிசி ஆலையில் பதினெட்டு வருஷமாக எஞ்சின் ஓட்டுகிறேன். அது தும்முகிற தும்மலை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எஞ்சின் என்று பேச்செடுத்தால் மாட்டு வைத்தியன் அம்மாவாசியைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடாகி அவன் மோட்டார் சைக்கிள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. அப்படியும் பேச்சு ஓயவில்லை. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்னும் நாலு பொய் சேர்ந்துவிடும்.

இது முப்பத்தாறாம் வருஷத்துச் சமாசாரம். அம்மாவாசிக்கு அப்போது நாற்பது வயது. கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை எந்தத் தொழுவில் மாடு தீனி எடுக்காமல் நின்றாலும் அவனுக்குத்தான் ஆள் வரும். இளவயதில் ஒரு காளை உதைத்ததில் வலது கால் சற்றுக் கட்டை. சாய்ந்து சாய்ந்து நடப்பான், ஓட வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மாடு இருமினாலும் சரி, நொண்டினாலும் சரி, அவன் கொடுக்கும் முதல் மருந்து விளக்கெண்ணெய். “மொதல்ல வயித்தச் சுத்தம் பண்ணுவோம், மத்தத அப்புறம் பாப்போம்” என்பான். அவன் தெருமுனையில் திரும்புவதைக் கண்டதும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய மாடுகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த மனிதன் மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்பில் ஒரு மேஸ்திரியின் எருமைக்கு வைத்தியம் பார்க்கப் போனான். போன இடத்தில் ஆட்டுப்பட்டிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனதாம். சின்ன வண்டி, கனத்த சைக்கிளின் நடுவில் ஒரு எஞ்சினைச் செருகியது போல இருக்கும். ஒன்பது வருஷமாக ஆடுகள் அதன்மேல் ஏறி நின்று வேலிமேல் கிளையை எட்டித் தின்றுகொண்டிருந்தன. அம்மாவாசிக்கு அதைக் கண்டதும் புத்தி பேதலித்துவிட்டது. வீட்டுப் பசுவை ஓட்டிக்கொண்டு போய் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, அந்தத் துருவை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அந்தப் பசு யாருடையது? அவன் பெண்டாட்டி மொக்கம்மாள் சீதனமாகக் கொண்டுவந்த பசுவின் பேத்தி! மொக்கம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். வண்டியைப் பார்த்தாள், காலியான தொழுவைப் பார்த்தாள், நாலு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு ஜெயமங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் சமாதானம் பேசப் போனான். துணைக்கு என்னையும் இழுத்துப் போனான். மொக்கம்மாளின் அண்ணன் கருத்தக்கண்ணன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எலுமிச்சம்பழம் நிறுத்தக்கூடிய மீசை அவருக்கு. அதை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“வாங்க மாப்ள. கறக்குற பசுவக் குடுத்து இரும்பு வாங்கிட்டு வந்தீகளாம்ல? நேரத்துக்கு எத்தன படி கறக்குது?”

“ஓடும் மச்சான். வைத்தியம் பாத்தா ஓடும்.”

உள்ளேயிருந்து மொக்கம்மாளின் குரல் வந்தது. ஆள் வெளியே வரவில்லை.

“அண்ணே, அவுககிட்டச் சொல்லு. அந்த இரும்பு, மாடு கட்டாம, ஒருத்தரும் தள்ளாம இந்த வாசலுக்கு ஓடி வரட்டும். அன்னைக்கு நான் கெளம்புறேன். அதுவரைக்கும் இங்கனதான் இருப்பேன்.”

கருத்தக்கண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அப்படி மட்டும் வந்துருச்சுன்னா என் மீசையில ஒரு பக்கத்த வழிச்சிர்றேன்யா! ராவுத்தரே, நீங்கதான் சாட்சி.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவாசி வீரபாண்டி வரை வந்த வழியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “ராவுத்தரே, அவ இல்லாம வீட்டுக்குள்ள போகவே புடிக்கல” என்றான். கண்ணில் தண்ணீர். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் வேறு, எஞ்சின் வேறு. மறுநாள் காலையில் வண்டியைப் பார்த்தேன். பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. அசைக்க முடியவில்லை.

“செத்துப்போச்சுப்பா. தூக்கிப் போடு” என்றேன்.

அவன் சிலிண்டரில் காதை வைத்தான். விரலால் தட்டிப் பார்த்தான். புகை போகும் குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான்.

“சாகல ராவுத்தரே. கட்டிப்போயிருக்கு. ஒம்போது வருசமா வெளிக்கே போகல.”

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அவன் சிரிக்கவில்லை. ப்ளக்கை எப்படிக் கழற்றுவது என்று கேட்டான், சொன்னேன். மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயை அந்த ஓட்டைக்கு நேராகப் பிடித்து, அரைப்படி விளக்கெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினான். “குடிச்சிருடா ராசா, குடிச்சிரு” என்று பெட்ரோல் டாங்கைத் தடவிக் கொடுத்தான். சிலிண்டரைச் சுற்றித் துணியில் சுடுமணலைக் கட்டி ஒத்தடம் வேறு! மூன்று நாள், நாளுக்கு மூன்று வேளை. தண்ணீருக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, கழிஞ்சுச்சா?” என்று கேட்பார்கள். “இன்னும் இல்லத்தா. மருந்து எறங்கணும்ல” என்று பதில் சொல்வான்.

நான்காம் நாள் பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தவன் ‘அய்யோ’ என்று அலறினான். நான் ஆலையிலிருந்து ஓடினேன். சக்கரம் சுற்றுகிறது, கூடவே எஞ்சினும்! குழாய் வழியாகக் கறுப்பாக, குழகுழவென்று, துருவும் எண்ணெயும் செத்த கரப்பானுமாக ஒரு வண்டி அழுக்கு தரையில் கொட்டியது. தெருவே குலவை போட்டது. ஒரு கிழவர் அதைக் குனிந்து பார்த்து, “நல்லாப் போயிருக்கு” என்று வேறு சான்று கொடுத்தார்.

எண்ணெயில் ஊறினால் துரு இளகும் என்பது எந்த எஞ்சின்காரனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. மாக்னெட்டோவை வெயிலில் காயவைத்து மூன்று நாள் மல்லுக்கட்டி நெருப்புப் பொறி வரவைத்தது நான். இற்றுப்போன பழைய பெல்ட்டுக்குப் பதிலாக ஆலையில் தேய்ந்த பெல்ட்டை அறுத்துப் பொருத்தியது நான். அதை யாரும் சொல்வதில்லை. டயர் இருந்தது, ட்யூப் இல்லை. அம்மாவாசி உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்துவிட்டான். எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டிய எஞ்சின் அது. மிஷின் ஆயில் ஊற்று என்றேன். விளக்கெண்ணெய் ஊற்றினான். சனியன் பிடித்தது, அதற்கும் ஓடித் தொலைத்தது!

ஆனால் ஒரு சங்கடம். அந்த ரக வண்டியில் எஞ்சினும் சக்கரமும் ஒரே பெல்ட்டில் பூட்டியவை. சக்கரம் உருண்டால்தான் எஞ்சின் பிடிக்கும். வண்டி நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். கால் நன்றாக இருக்கிறவன் என்றால் கூடவே ஓடித் தாவி ஏறிக்கொள்வான். அம்மாவாசிக்கு ஓட வராதே! ஊர் மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு சரிவில் உருட்டித்தான் கிளப்ப முடியும். கிளம்பினால் ஜெயமங்கலம் வரை முப்பது மைல் எங்கும் நிற்கக் கூடாது. நின்றால் யாராவது தள்ள வேண்டும். தள்ளினால் மொக்கம்மாள் வர மாட்டாள்.

ஒரு புதன்கிழமை நாள் குறித்துச் சொல்லியனுப்பினான். நான் அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே ஜெயமங்கலம் போய்விட்டேன். சாட்சி என்று பெயர். அது வழியில் நின்றுபோகும், அந்தச் சேதி வரும்போது நான் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நிசம். மறைப்பானேன்?

வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. நாவிதர் பேச்சிமுத்து கத்தியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். அவரை அழைத்ததே கருத்தக்கண்ணன்தான், வேடிக்கைக்காக. மொக்கம்மாளைக் காணோம். ஊருக்கு வெளியே பாதையோரமாகப் போகும் வாய்க்காலுக்குத் துவைக்கப் போயிருக்கிறாள் என்றார்கள்.

“விடிஞ்சதுல இருந்து தொவைக்கிறா. அழுக்கில்லாத துணியவும் சேத்து அள்ளிட்டுப் போயிருக்கா” என்றார் கருத்தக்கண்ணன்.

உச்சிவேளை நெருங்கியது. முதலில் வந்தது வாசம். ஊரில் உள்ள விளக்கெண்ணெய்ச் சட்டியெல்லாம் ஒரே நேரத்தில் தீய்ந்தது போல ஒரு வாசம். அப்புறம் படபடவென்று சத்தம். கோழிகள் கூரை ஏறின. தெருமுனையில் புகைக்கு நடுவே அம்மாவாசி! மூஞ்சியெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. முன்சக்கரத்தில் டயர் பிய்ந்து வைக்கோல் தாடி தொங்குகிறது. நிறுத்துகிற வித்தையை அவன் சரியாகப் பழகவில்லை. வாசலோரம் விறகுக்கு அடுக்கியிருந்த பருத்திமாருக்குள் நேராகப் போய்ப் புகுந்தான். வண்டி நின்றது.

“மச்சான்! வந்துட்டேன்!” என்று உள்ளேயிருந்து குரல்.

அவனுக்குப் பின்னாலேயே ஈரத்துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மொக்கம்மாள் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. வந்தவள் ஒதுங்கி நின்றாள்.

கருத்தக்கண்ணன் முகத்தில் ஈ ஆடவில்லை. பேச்சிமுத்து கத்தியைத் தீட்டத் தொடங்கினார். முப்பது மைல்! வைக்கோல் டயரில்! அம்மாவாசி பருத்திமாரிலிருந்து வெளியே வந்து, விழுந்த துண்டை எடுக்கத் திரும்பிக் குனிந்தான்.

தெருவே கொல்லென்று சிரித்தது. அவன் வெள்ளைச் சட்டையின் முதுகில் இரண்டு கைகள். பத்து விரலும் கறுப்பாக, அச்சுக் குத்தியது போல.

கருத்தக்கண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. “நில்லுங்க மாப்ள! இன்னொருக்கத் திரும்புங்க! தள்ளுனது யாரு?”

அம்மாவாசிக்குப் பொய் வராது. தலையைத் தொங்கப்போட்டான். “வாய்க்கால்கிட்ட ஒரு செனப்பசு குறுக்க வந்துருச்சு மச்சான். நெறமாசம். மேல விட மனசு வரல. காலை ஊனிட்டேன். நின்னுபோச்சு.”

“சரி, தள்ளுனது யாருன்னு கேட்டேன்.”

அவன் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி நின்றான். முப்பது மைல் வந்தும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“தள்ளிவிட்டு வந்த வண்டி செல்லாது. ராவுத்தரே, சாட்சி நீங்கதான, சொல்லுங்க!” என்றார் கருத்தக்கண்ணன்.

நான் என்ன செய்வது? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. செல்லாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது மொக்கம்மாள் துவைத்த துணி மூட்டையை அப்படியே புழுதியில் போட்டாள். இரண்டு உள்ளங்கையும் கரி. முதலில் எண்ணெய்க்கரி அப்பிய கேரியரைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். எஞ்சின் பிடித்ததும் புருஷன் முதுகில் கை வைத்துக் கடைசியாக ஒரு தள்ளு.

“அண்ணே, தள்ளக்கூடாதுன்னு சொன்னது யாரு?”

“நீதான் ஆத்தா.”

“தள்ளுனதும் நான்தான். நடுவுல ஒனக்கு என்னண்ணே வழக்கு?”

கருத்தக்கண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேச்சிமுத்துவைப் பார்த்தேன். பேச்சிமுத்து கத்தியை மடக்கிப் பைக்குள் வைத்தார். அம்மாவாசி அழுதேவிட்டான். அழுத தடம் கரியில் இரண்டு கோடாக இறங்கியது. “அதுக்கு எதுக்கு இப்ப அழுறீக? வண்டியத் திருப்புங்க” என்று அவள் அதட்டினாள், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். துடைத்ததில் அவள் முகமும் கரியானது.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறினாள். அந்தத் தெருவில் சரிவு கிடையாது. யார் தள்ளுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. கருத்தக்கண்ணனே துண்டை உருமால் கட்டிக்கொண்டு முழு மீசையோடு வந்து பிடித்தார். வாய்க்கால் பாதை வரை மூச்சிரைக்கத் தள்ளினார். நானும் ஒரு கை கொடுத்தேன். அதையும் யாரும் சொல்வதில்லை.