நான் இல்லாத நேரத்தில் ஓடிய மெஷின்

என் தையல் மெஷினை யாரோ தொடுகிறார்கள் என்ற சந்தேகம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் வந்தது. ஆசிரியர் தின விழாவுக்காக அரக்கு நிறத்தில் எனக்கே பாஜு கூரோங் என்ற மலாய் உடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை முடிந்திருந்தது. பள்ளியிலிருந்து வந்து குளித்து, டீ குடித்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்து இரண்டாவது கையை ஓட்டினேன். துணியைத் திருப்பிப் பார்த்தால் அடித்தையல் நீல நிறத்தில் இருந்தது. அடிநூல் சுற்றியிருக்கும் பாபினைக் கழற்றினேன். பளிச்சென்ற நீல நூல். அந்த நீலத்துக்குப் பொருத்தமாக என்னிடம் ஒரு துணிகூடக் கிடையாது.

நானேதான் எப்போதோ மாற்றி மறந்திருப்பேன் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறக்கக்கூடிய வாழ்க்கைதான் என்னுடையது. ஈப்போவின் ஓரத்தில் உள்ள ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. நான் பாடம் நடத்தும் தமிழ்ப்பள்ளி அங்கிருந்து தெற்கே, பழைய சாலையில் அரை மணி நேரம் போகவேண்டிய தோட்டத்தில் இருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து மக்களும் போய்விட்டார்கள். பிள்ளைகள் டவுனிலிருந்து வேனில் வருகிறார்கள். பாடம், விளையாட்டுப் பயிற்சி, கூட்டம், கணினியில் ஏற்றவேண்டிய மதிப்பீடு, இரவு உணவு நேரத்திலும் வாட்சாப்பில் கேள்வி கேட்கும் பெற்றோர் என்று நாள் ஓடிவிடும்.

இதற்கு நடுவில் எனக்கென்று இருந்தவை கதைப் புத்தகமும் தையலும்தான். காலையில் பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு, மணியடிக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்து சில பக்கங்கள் படிப்பேன். பின்பக்க அறையில் மெஷின் இருந்தது. சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனால் ஒரு கையில் துணிப் பையும் மறு கையில் புத்தகப் பையுமாகத்தான் திரும்புவேன். பிளவுஸின் கழுத்து வளைவு சரியாக உட்கார்ந்துவிட்டால், அன்றைக்குப் பள்ளியில் நடந்தது எதுவும் மனதில் நிற்காது.

அதனால்தான் நீல நூல் என்னை உறுத்தியது.

அடுத்த வாரம் கத்தரிக்கோல் இடம் மாறியிருந்தது. அதற்குப் பிறகு, நான் அறையில் வைத்துவிட்டுப் போன நாவலில் ஒரு பக்கத்தின் ஓரம் மடிந்திருந்தது. பக்கத்தை மடிக்கும் பிள்ளைகளை வகுப்பில் நான் திட்டாத நாளில்லை. நானா மடிப்பேன்? அதுவும் நான் படித்த இடத்தைத் தாண்டி, இன்னும் போகாத பக்கத்தில் மடிப்பு. மெஷினின் கீழே தரையில் நீளமான ஒரு முடி கிடந்தது. என் முடி தோளோடு நின்றுவிடும். மாமியாருக்கு முழுவதும் நரைத்துவிட்டது. இது கறுப்பாக, பளபளவென்று இருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். மகன் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவருக்குப் பகல் ஷிப்டு வரும் வாரங்களில் மாமியாரைத் தனியாக விடமுடியாது. கண்ணில் புரை விழுந்திருந்தது. அந்த வாரங்களில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவோம். இரவு ஷிப்டு வாரங்களில் அவர் பகலில் தூங்குவார், மாமியாரும் வீட்டில் இருப்பார்.

நீல நூல், மடிந்த பக்கம், முடி எல்லாமே இரவு ஷிப்டு வாரங்களில் வந்தவை என்பதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமியாரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அத்தே, பகல்ல யாராச்சும் வீட்டுக்கு வாராங்களா?"

"யாரு வரப்போறா? அவன் தூங்குறான். நான் ரேடியோ கேட்டுக்கிட்டு கிடக்கேன்."

"மெஷின்ல யாரோ கை வச்சிருக்காங்க."

"எனக்கு எதுக்கும்மா ஒன் மெஷினு? பால்மரம் வெட்டின கை இது. ஊசிய கண்ணு பாக்குமா?"

சொல்லிவிட்டு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். கணவரிடம் கேட்டேன். "எலியா இருக்கும் லா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எலி பாபின் மாற்றுமா?

அதன் பிறகு எனக்குப் புத்தகம் ஓடவில்லை. காரில் உட்கார்ந்து ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். கணவரின் சட்டையை வாஷிங் மெஷினில் போடும் முன் முகர்ந்து பார்த்தேன். கைப்பேசி ஒலித்தால் அவர் எழுந்து எந்தப் பக்கம் போகிறார் என்று கவனித்தேன். ஒரு மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பின்னறைக்குப் போய் மெஷினில் கைவைத்தேன். சின்ன விளக்கு இருக்கும் இடம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. வந்த பெண் சற்று முன்புதான் போயிருக்கிறாள். பெண் என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை டவுனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி இருந்தது. மதியத்தோடு முடிந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. காரைக் கடை வரிசையில் நிறுத்திவிட்டுப் பின்சந்து வழியாக நடந்தேன். இரவு ஷிப்டு வாரம் அது. சமையலறையை நெருங்கும்போதே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு மெஷின் நின்றது. ஒரு பெண் குரல் மெதுவாகப் பேசத் தொடங்கியது. சன்னல் அருகில் போன பிறகுதான் அது பேச்சு இல்லை, வாசிப்பு என்று தெரிந்தது. என்னுடைய நாவலை யாரோ வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். படுக்கையறையிலிருந்து என் கணவரின் குறட்டை கேட்டது. பின்னறையில் என் நாற்காலியில் எதிர்வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை தொங்கும் பின்னல். மடியில் புத்தகம். மெஷினில் ஒரு நீலத் திரைச்சீலை பாதி தைத்தபடி இருந்தது. மாமியார் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். "டீச்சர், மன்னிச்சிருங்க. நான் போயிர்றேன்."

"உக்காரு புள்ள" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான்தான் வரச்சொன்னேன். அது எனக்குக் கதை படிக்கும். பதிலுக்குத் தைக்கப் பழகட்டும்னு விட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அத்தே?"

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அது அழுதுச்சு. அதோட புருஷன் வீட்டுக் கேட்டத் தாண்ட விடமாட்டான்."

எதிர்வீட்டுக்காரன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். தெற்கே சுங்காய்ப் பக்கமெல்லாம் போவான். எப்போது திரும்புவான் என்று அவளுக்கே தெரியாது. தெருவில் யாரோடும் அவள் பேசி நான் பார்த்ததில்லை. அடக்கமான பெண் என்று மட்டும் நினைத்திருந்தேன். கதவருகில் நின்றவள் மெல்லச் சொன்னாள்: "தையல் தெரிஞ்சா எங்கயாச்சும் பொழச்சிக்கலாம் டீச்சர்."

அவள் பின்சந்து வழியாகப் போனபின் கணவரை எழுப்பினேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அம்மா சொல்லாதன்னாங்க."

"எலின்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது?" எழுந்து உட்கார்ந்தார். "நீ என்ன நெனச்ச?"

"திருடன்னு நெனச்சேன்" என்றேன். அவர் போர்வையை மடிக்கத் தொடங்கினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. என் வீட்டில் இருவர் சேர்ந்து ஒரு விஷயத்தை என்னிடமிருந்து மறைத்துவிட்டார்கள், அதுவும் இவ்வளவு சுலபமாக. இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்ற எண்ணம் போகவில்லை. ஆனாலும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. மாமியார் மூலமாக ஒன்றுதான் சொல்லியனுப்பினேன்: பக்கத்தை மடிக்கவேண்டாம்.

அடுத்த மாதத்தில் ஒரு மாலை அவள் கணவன் எங்கள் கேட்டுக்கு வந்தான். அதுவரை நானும் அவனும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். என் சம்சாரம் இங்க வாராளா?"

"ஏன் கேக்கறீங்க?"

"அவ சட்டையில நூலு ஒட்டியிருக்கு. செவப்பு, நீலம்னு தெனம் ஒரு கலரு. எங்க வீட்ல மெஷின் இல்ல."

கேட் கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தேன். அவனும் தரையில் முடி தேடியிருப்பான், சட்டையை முகர்ந்திருப்பான் என்று தோன்றியது.

"நான் தைக்கிறவ லா" என்றேன். "குப்ப போட வரும்போது ரெண்டு வார்த்த பேசுவோம். என் சேலையிலேர்ந்து ஒட்டியிருக்கும்."

அவன் என் சேலையை மேலும் கீழுமாகப் பார்த்தான். "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். நான் பள்ளியில் பொய் சொல்லும் பிள்ளைகளை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பவள். அன்றைக்கு என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, பள்ளி முடிந்து வந்தபோது எதிர்வீட்டு வாசலில் லோரி குறுக்காக நின்றது. அவன் கைப்பேசியைக் காதில் வைத்து யாரிடமோ கத்திக்கொண்டிருந்தான். உள்ளே மாமியார் நிதானமாகச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள போயிருச்சு" என்றார். "தஞ்சோங் மாலிம்ல அதோட அக்கா இருக்கு. ஒரு திரைச்சீலக் கடையில வேலையும் இருக்காம்."

"தனியாவா போச்சு?"

"ஒன் புருஷன்தான் ரயிலடிக்குக் கொண்டுபோயி விட்டான். மோட்டர்ல, பின்னால ஒக்கார வச்சி."

"தெருவே பாத்திருக்குமே!"

"பாத்துச்சு. ஒன் மோட்டர் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் போட்டுக்கிட்டு போச்சு. டீச்சர் போறாங்கன்னு பாத்தவன்லாம் நெனச்சிருப்பான்."

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "இதையும் என்கிட்ட சொல்லல."

"சொன்னா ஒன் மொகத்துல தெரிஞ்சிரும்மா."

இரண்டு நாள் கழித்துக் காரை எடுக்கும்போது எதிர்வீட்டுக்காரன் வழியில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன. "டீச்சர், திங்கக்கெழம காலையில மோட்டர்ல எங்க போனீங்க? தெருவுல பாத்தாங்களாம். அன்னிக்கு ஒங்க காரு வீட்ல இல்ல."

அதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் பள்ளிக்கு ஓட்டிப்போன கார் எப்படி வீட்டில் இருக்கும்?

"காரு வொர்க்ஷாப்புல இருந்துச்சு" என்றேன். "தல சுத்தல். கிளினிக் போனேன்."

"எந்தக் கிளினிக்கு?"

என்னைக் காப்பாற்றியது என் டீச்சர் குரல்தான். "தம்பி, நான் எந்த டாக்டரப் பாக்குறேன்னு ஒங்ககிட்ட சொல்லணுமா?"

அவன் ஒதுங்கினான். கார் தெருமுனை திரும்பும்வரை கண்ணாடியில் அவன் தெரிந்தான். இன்றைக்கும் நான் கேட்டைத் திறக்கும்போது எதிரே சன்னல் துணி லேசாக அசையும். அவன் நம்பவில்லை. நம்புவான் என்று நானும் நினைக்கவில்லை. கேட்டுக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறோம்.

அவள் போனதில் ஒரு நாவல் பாதியில் நின்றுவிட்டது. மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நானே புத்தகத்தை எடுத்து அவர் கட்டிலில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடிவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ படிச்சா பாடம் நடத்துற மாதிரி இருக்கு. அது படிச்சா ஆளுங்க பேசுற மாதிரி இருக்கும்."

"அப்ப வேணாமா?"

"யாரு வேணாம்னா? மெதுவா படி. அந்த மூத்த மருமவள நம்பாத, அவ என்னமோ மறைக்கிறா."

அந்தப் பாத்திரத்தை எனக்கு அதுவரை பிடித்திருந்தது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பி, அவள் சொன்னதை இன்னொரு முறை, இந்தத் தடவை மெதுவாக வாசித்தேன்.