காஞ்சிபுரம் வழியாக வேடந்தாங்கல்

லண்டன் நோர்பரியிலிருந்து நாங்கள் சென்னைக்குப் போனது மகளின் கல்யாணத்துக்குச் சீலை எடுக்க. எனக்கு வேடந்தாங்கலில் பறவை பார்க்க வேண்டும். அதற்கென்றே பைனாகுலர் வாங்கியிருந்தேன்.

"ஓம், போவம். போற வழியில காஞ்சிபுரத்தில அரை மணித்தியாலம் நிண்டிட்டுப் போவம்" என்றாள் மனைவி.

அரை மணித்தியாலமா! ஒவ்வொரு சீலையையும் படமெடுத்து லண்டனில் சட்டன் பக்கம் இருக்கும் மச்சாளுக்கு அனுப்பினாள். மச்சாளோ ஷிப்டில் நின்றாள். அவள் பதில் போடும்வரை அடுத்த சீலையைத் தொடுவதில்லை. நான் கடைக்கும் வாகனத்துக்குமாக நடையாய் நடந்தேன். வெயில் சாய்ந்துகொண்டே போனது.

"இருட்டப் போகுது, வாருமப்பா!"

"கொஞ்சம் பொறுங்கோ, அவ இன்னும் பாக்கேல்லை."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி வேடந்தாங்கல் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஏரி முழுக்க ஒரே இரைச்சல். என் கண்ணில் ஒரு இறகுகூடப் படவில்லை.

லண்டனில், கல்யாண மண்டபத்திலும் அதையே சொல்லிப் புறுபுறுத்தேன். மனைவி பொறுமையிழந்து முந்தானையை என் முன்னால் விரித்தாள். சரிகையில் வரிசை வரிசையாக அன்னங்கள்.

"இந்தாங்கோ, வடிவாப் பாருங்கோ. பைனாகுலர் கொண்டு வரேல்லையோ?"