அப்பா துண்டு போட்டுப் பேரம் பேசிய கைக்கடிகாரம்

கடைக்குள் காலை வைத்ததும் ஒரு சத்தம். ஓலைக் கூரையில் தூறல் விழுவதுபோல... சுவர் முழுக்கத் தொங்கிய கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொண்டிருந்தன. கூடவே பித்தளை துடைக்கும் பாலிஷின் புளித்த வாசனை.

பாலக்காட்டுக் கடைவீதியில் இருந்த வாட்ச் கடை அது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தோளில் துண்டோடு அப்பா எனக்கு முன்னால் நின்றார்.

நான் பி.ஏ., எல்.டி. முடித்து, டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கையெழுத்துக்கு மேல் எழுதியதில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தங்கத்தில் ஒரு நல்ல சுவிஸ் வாட்ச் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். மெட்ராஸ் ஹாஸ்டலில் என்னோடு இருந்த ஒருத்தி கட்டியிருந்தாள். அவள் மணி பார்க்கும்போதெல்லாம் நானும் பார்ப்பேன்... மணியை அல்ல.

தேவை என்று ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்க ப்யூன் இருந்தார். ஆசை, அவ்வளவுதான்.

ஒரு பெண் தனியாகப் போய் நிற்கிற கடை இல்லை என்பதால் அப்பா கூட வந்தார். அவர் மாட்டுத் தரகர். வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எந்தச் சந்தையிலும் அவரைத் தெரியும். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு, அதன் அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஊரிலிருந்து ரயிலில் வரும்போதே எனக்கு ஒன்றே ஒன்று சொல்லிவைத்தார்.

"புடிச்சதப் பாக்காத அம்மிணி. உங் கண்ணு எங்க போவுதுன்னுதான் கடைக்காரன் பாப்பான். வேற எதையாச்சும் பாத்துட்டு நில்லு. நான் புரிஞ்சுக்கறேன்."

தலையாட்டினேன்.

கடைக்காரர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், நெற்றியில் சந்தனம். மாப்பிள்ளைக்கா என்று கேட்டார். அன்றைக்கு வாட்ச் என்றால் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதுதான். அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாடு யாருக்கு என்பதைத் தரகர்கள் வெளியே விடமாட்டார்கள். எனக்குத்தான் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பெண்பிள்ளைகள் கட்டுவது இருந்தாலும் எடுத்துப் போடுங்கள் என்று மட்டும் அப்பா சொன்னார்.

கறுப்பு வெல்வெட் தட்டில் நாலைந்து சின்ன வாட்சுகள் வந்தன. ஓரத்தில் ஒன்று... வட்டம். காலணா அளவுகூட இல்லை. மெல்லிய கறுப்புப் பட்டு நாடா. அதைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தேன். மறுபடி அதைப் பார்த்தேன். கூரையைப் பார்த்தேன். மறுபடியும் அதையே...

அப்பா என்னைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். நான் அவர் சொல்லைத் தட்டாதவள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதனால் நான் பார்த்ததை ஒதுக்கிவிட்டு, நான் கண்ணெடுத்தும் பார்க்காத ஒரு சதுர வாட்சைக் கையில் எடுத்தார். பெரிய பெரிய எண்கள், தடித்த தோல் வார்.

பிறகு துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, கடைக்காரரிடம் நீட்டினார்.

கை குலுக்கத்தான் என்று நினைத்து அவரும் கையைக் கொடுத்துவிட்டார். அப்பா உள்ளே விரல்களைப் பிடித்ததும் அவர் முகம் மாறியது.

"இதென்னதாக்கும்? நம்ம கடைல விலை ஒண்ணுதான், கேட்டேளா."

ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சதுர வாட்சும் நெடுநாளாக விற்காமல் கிடந்தது போலிருக்கிறது. கொஞ்ச நேரம் துண்டு அசைந்தது. கடைசியில் அவர் சரி என்று தலையாட்டினார். விலை குறையாத கடையில் அப்பா விலையைக் குறைத்துவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

பேசாமல் இருந்தால் அந்தச் சதுரம் ஆயுசுக்கும் என் கையில். பேசினால் அப்பா முடித்த பேரம் வேற்று மனிதர் முன்னால் உடையும். சந்தையில் அப்படி உடைந்தால் அடுத்த வாரம் அந்தத் தரகரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"அது இல்லீங்கப்பா..."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"அந்த வட்டமா இருக்கறதுங்க. எனக்கு அதுதானுங்க வேணும்."

வாட்ச் யாருக்கு என்று கடைக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. அதற்கு மட்டும் குறைக்க முடியாது என்றார், மரியாதையாகவே. அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்பறம் எதுக்கு அதையே பாத்துட்டு நின்ன?"

கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்தோம்.

அந்த வாரம் அவருடைய சந்தைக் கூட்டாளிகள் வாட்சைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். கையை நீட்டிக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களில் ஒருவர் அப்பாவைச் சீண்டினார்.

"ஏனுங்க, நீங்க போயுமா கேட்ட வெலையக் குடுத்துட்டு வந்தீங்க?"

"குடுத்தமுங்க. ஒரு காசு கொறையல."

எந்த மாட்டின் விலையையும் அம்மாவிடம்கூடச் சொல்லாத மனிதர் அவர். இதை மட்டும் யாரும் கேட்காதபோதும் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தத்தோடு சொன்னாரா... எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தக் கடையில் ஒவ்வொரு வாட்சிலும் நூல் கட்டி விலைச் சீட்டு தொங்குகிறது. போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருத்தி தனியாகவே போய், இதைக் கொடுங்கள் என்று விரலால் காட்டி, பஸ் வருவதற்குள் வாங்கி வந்துவிட்டாள். நானும் எந்தக் கடையிலும் வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குரல் நடுங்குவதில்லை.

நடுங்கிக்கொண்டு கேட்கும்படியாக எதுவும் கண்ணில் படுவதுமில்லை...