மாப்பிள்ளைக்குக் கதவு திறக்காத தோழி

போன சனிக்கிழமை காலை, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஒரு சீன வீட்டுக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். வெளியே மாப்பிள்ளை. உள்ளே விடமாட்டேன் என்று நான். என்ன சண்டை என்று கேட்கிறீர்களா? சண்டை இல்லை... எனக்குக் கொடுத்த வேலையே அதுதான்!

மேய் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரி. நாங்கள் ஜேர்மனியில் இந்த எசன் நகரத்துக்கு வந்த புதிதில் வாஷிங் மெஷினை எப்படிப் போடுவது என்று காட்டித் தந்தவள். இருவருக்கும் அரைகுறை ஜேர்மன்தான் – அதிலேயே எல்லாக் கதையும் கதைப்போம். அவளுடைய கலியாணத்துக்கு நான் தோழி. மாப்பிள்ளை பெண்ணழைக்க வரும்போது தோழிகள் கதவை அடைத்துக்கொள்ள வேண்டுமாம். பாடு, ஆடு என்று என்ன கேட்டாலும் அவர் செய்தாக வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

என்ன கேட்டாலும்? எனக்கு அந்த இடத்திலேயே ஒரு யோசனை பிறந்தது.

அதற்கு முதல் கிழமைதான் மேய் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் தாதியாவதற்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்புச் செய்கிறாள். முடிக்க இன்னும் ஒரு வருடம். மாமியாருக்கோ, மருமகள் அதை விட்டுவிட்டு டுசுல்டோர்ஃப் நகரில் உள்ள தங்கள் ரெஸ்டோரண்டுக்கு வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை ஹோ "பாப்பம்" என்பதோடு சரி.

"நீயே மாமியிட்டைக் கேளன்?" என்றேன்.

"கலியாணத்துக்கு முதல் பொம்பிளை வாய் திறக்க ஏலாது," என்றாள் மேய்.

என் கணவர் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். "உமக்கேன் மற்ற ஆக்களின்ரை வீட்டுப் பிரச்சினை? நாங்களே இஞ்சை அகதி. பேசாமல் சிரிச்சுக்கொண்டு நில்லும்."

நிற்கலாம்தான். ஆனால் எனக்கு இங்கே வேலை செய்ய அனுமதியில்லை, படிக்கவும் வழியில்லை. கையில் கிடைத்த படிப்பை ஒருத்தி பறிகொடுப்பதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹோ வந்தார். மற்றத் தோழிகள் பாடச் சொன்னார்கள், பாடினார். தோப்புக்கரணம் மாதிரிக் குந்தி எழும்பச் சொன்னார்கள், எழும்பினார். கதவுக்குக் கீழால் காசு வைத்த சிவப்பு உறை ஒன்று வந்தது. நான் திருப்பித் தள்ளினேன்.

"ஹோ, எனக்கு இது வேண்டாம். மேய் படிப்பை முடிப்பாள் எண்டு சொல்லுங்கோ. உரத்துச் சொல்லுங்கோ... உங்கடை அம்மாவுக்குக் கேக்கட்டும்."

படிக்கட்டில் நின்ற மாமியார் சீன மொழியில் சத்தம் போட்டார். பக்கத்தில் நின்ற தோழி எனக்கு விளக்கினாள்: "நல்ல நேரம் போகுதாம்."

நல்ல நேரமா? யாழ்ப்பாணத்துக்காரிக்கா நல்ல நேரம் சொல்லித் தருகிறார்? நேரம் போகப் போகப் பதற வேண்டியவர்கள் வெளியே நிற்பவர்கள்தானே!

ஆனாலும் ஒரு பயம். கலியாணம் குழம்பிவிட்டால்? திரும்பிப் பார்த்தேன். சிவப்பு உடுப்பில் மேய் வெளிறிப்போய் இருந்தாள்.

"திறக்கட்டோ?"

வேண்டாம் என்று தலையாட்டினாள். அது போதும் எனக்கு.

"மேய் படிப்பை முடிப்பாள்!" – கடைசியில் ஹோவின் குரல். ஜேர்மனில் ஒருமுறை. பிறகு தாயைப் பார்த்து, சீன மொழியில் இன்னொரு முறை.

திறந்தேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் இன்று காலை மேய் டுசுல்டோர்ஃபிலிருந்து ரயிலேறி எசன் ஆஸ்பத்திரிக்குப் படிக்க வந்துவிட்டாள்.

எங்கள் தமிழ்க் கலியாணங்களில் நாங்கள் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை வந்திறங்கியதும் காலைக் கழுவி, ஆரத்தி எடுத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போகிறோம். கழுவுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை... கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கழுவுங்கள்!