ஜெபத்தின் மறுபாதி

பெர்னார்ட் பட்டாளத்தை விட்டு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. பட்டாளம்தான் அவரை இன்னும் விட்டபாடில்லை. அறுபத்தேழு வயதிலும் சட்டைக் கையில் இஸ்திரிக் கோடு விறைப்பாக நிற்கும். பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கு வாசலில் ராத்திரிக் காவல், ஜாகா வேலை. சாயங்காலம் ஏழுக்குப் போனால் காலை ஏழுக்குத்தான் விடுதலை. லாரிக்காரர்கள் அவரைச் 'சார்ஜன்' என்று கூப்பிடுவார்கள். அது மரியாதையா கேலியா என்று ஆராயும் தெம்பெல்லாம் அவருக்கு எப்போதோ போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஃபிளாட்டின் அடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது மனதில் ஒரே நினைப்புதான் இருந்தது. படுக்க வேண்டும். லிஃப்ட் வழக்கம்போல வேலைக்கு வரவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார்.

மகள் ஜோஆன் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தாள். மேசை மேல் அவர் கையெழுத்துப் போட வேண்டிய விண்ணப்பப் பாரம் இருந்தது, அதன் மேல் ஒரு பேனா. ஜன்னலோர நாற்காலியில் கத்தரின் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதம் முன்பு வந்த பக்கவாதம் அவளுடைய வலது கையையும் காலையும் கொண்டுபோனது. கூடவே பேச்சையும். முப்பத்தெட்டு வருஷம் அவரை வாயாலேயே ஆண்ட பெண்பிள்ளை, இப்போது 'ம்' என்றுகூடச் சொல்வதில்லை.

பாரத்தைப் பற்றி முந்தின நாளே பேச்சு நடந்துவிட்டது.

"அடுத்த மாசத்துலேருந்து எனக்கு ஷிஃப்ட்டை மாத்துறாங்கப்பா, நைட்டும் வரும். நீங்களும் நைட்டு, நானும் நைட்டுன்னா அம்மாவை யாரு பாக்குறது? ஆயர் ஈத்தாம் முதியோர் ஹோம்ல ஒரு இடம் இருக்காம். நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

"யோசிக்கிறேன்மா."

"எத்தனை மாசமா யோசிக்கிறீங்க? அம்மாவுக்கு நம்மளை அடையாளம் தெரியுதான்னே தெரியல. இப்படியே போனா நீங்கதான் விழுந்துடுவீங்க லா."

சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் பெர்னார்டுக்கு ராத்திரி வேலையைவிட அசதியாக இருந்தது.

கத்தரினுக்குக் கஞ்சி ஊட்டினார். வாயோரம் வழிந்ததைத் துடைத்தார். பிறகு மேசைக்குப் போய், நின்றபடியே, பாரத்தில் கையெழுத்துப் போட்டார். அழவில்லை. பேனாவை மூடி வைத்தார், அவ்வளவுதான்.

அடுத்தது ஜெபமாலை. எவ்வளவு அசதியானாலும் அதை மட்டும் அவர் தள்ளிப்போடுவதில்லை. ஒருவர் ஜெபத்தின் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர் பின்பாதியைச் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து முன்பாதி அவருக்கு, பின்பாதி அவளுக்கு. இந்த எட்டு மாதமும் அவர் தன் பாதியைச் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுவார். பதில் வராது. அவளுடைய பாதியையும் அவரே சொல்லி முடிப்பார்.

காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல. பட்டாளத்தில் அவர் ரேடியோக்காரர். முதுகில் செட்டைச் சுமந்து எல்லைக் காட்டில் அலைந்தவர். கூப்பிடு, காத்திரு, மறுபடி கூப்பிடு. பதில் வராவிட்டால் அலைவரிசையை மாற்றிப் பார். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இதைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டு ஆரம்பித்தார். "அருள் நிறைந்த மரியே வாழ்க..." மாலையின் முதல் பத்து ஜெபம் முடிந்தது. இரண்டாவது பத்தில் கண் சொருகியது. மூன்றாவதில் மணி விரலில் இருந்ததே தவிர, ஆள் பாதி உறக்கத்தில் இருந்தார். நாக்கு தன் பாட்டுக்குப் பழைய தடத்தில் இறங்கிவிட்டது. பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் சின்ன வயதில் அம்மா அடித்துச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் தாமாக வந்தன.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க..."

தன் பாதியை எப்படியோ முடித்தார். ஐந்து எண்ணவில்லை. தலை மார்பில் தொங்கிவிட்டது.

"அர்ச்சிஷ்ட மரியாயே..."

தூக்கிவாரிப் போட்டது. குரல் கரகரப்பாக இருந்தது. ஆனால் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. ஆமென் வரைக்கும் சொல்லிவிட்டு கத்தரின் வாயை மூடிக்கொண்டாள்.

பெர்னார்ட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவளும் அதே தோட்டத்துப் பிள்ளைதான். அவளும் சின்ன வயதில் படித்தது இந்தப் பழைய ஜெபத்தைத்தான். கோவிலில் புதுத் தமிழில் ஜெபம் வந்தபோது, உத்தரவு உத்தரவுதான் என்று அவர் ஒரே வாரத்தில் மாறிக்கொண்டார். அவளுக்குத்தான் வாய் பழைய மாதிரியே போகும். கோவிலில் அவளை முழங்கையால் இடிப்பார். "ஊரே 'புனித மரியே'ங்குது, நீ மட்டும் என்ன 'அர்ச்சிஷ்ட'ன்னுகிட்டு? ஆளுங்க சிரிக்கிறாங்க." அவள் விடமாட்டாள். "ஏன், மாதாவுக்குப் பழைய தமிழ் மறந்தா போச்சு?" இருந்தாலும் புருஷனுக்காக மாற்றிக்கொண்டாள்.

அந்தப் புதுச் சொல்லைத்தான் நோய் கொண்டுபோயிருந்தது. அடியில் கிடந்த பழையது அப்படியே இருந்தது. எட்டு மாதமாக அவர் தப்பான அலைவரிசையில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ரேடியோக்காரராம், சார்ஜனாம். தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு.

மறுபடி சொல்லிப் பார்த்தார், பழைய சொல்லிலேயே. பதில் வந்தது. இன்னொன்று சொன்னார். அதற்கும் வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. அடக்க அவரிடம் தெம்பில்லை.

போன் அடித்தது. ஜோஆன்தான்.

"பாரத்துல கையெழுத்துப் போட்டாச்சாப்பா?"

பெர்னார்ட் போனைக் கத்தரினின் வாயருகே பிடித்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார். அவள் மறுபாதியைச் சொல்லி முடித்தாள்.

"யாருப்பா அது?" ஜோஆனின் குரல் உடைந்திருந்தது.

"உங்கம்மாதான். கையெழுத்து போட்டேன்மா, போட்டுட்டேன். அதைக் கிழிச்சிடுறேன். ஹோமுக்கு வேணாம்னு சொல்லிடு. நான் ஜாகா வேலைய விட்டுடுறேன். பென்ஷனை வெச்சு ஓட்டிக்கலாம். ராத்திரிக்கு அம்மாகூட நான் இருக்கேன்."

"அப்பா..."

"இப்ப வைம்மா. இன்னும் இருபது ஜெபம் பாக்கி இருக்கு."

விடிய விடிய விழித்திருந்த கண் எரிந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவருடைய பெயரை அவள் இன்னும் சொல்லவில்லை. இனிமேல் சொல்வாளா என்பதும் தெரியாது. கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொள்ளலாம் என்று பின்னால் சாய்ந்தார்.

முழங்காலில் ஒரு தட்டு விழுந்தது. பிரசங்கத்தில் அவர் தூங்கி வழியும்போது தட்டுவாளே, அதே தட்டு. இப்போது இடது கையால். கத்தரின் புருவத்தைச் சுளித்துக்கொண்டு அவருடைய பாதிக்காகக் காத்திருந்தாள்.

"வரேன், வரேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்து பெர்னார்ட் அடுத்த மணியைப் பிடித்தார்.